கனவான்கள் எழுதாமல் விட்டவை

1727ஆம் வருஷம் இங்கிலாந்தில் ரிச்மண்ட் கோமகனும் ஆலன் பிராட்ரிக் என்ற பெரிய வீட்டுப் பிள்ளையும் ஆளுக்கொரு அணி சேர்த்துக்கொண்டு கிரிக்கெட் ஆடுவதென்று முடிவு செய்தார்கள். பணம் கட்டி ஆடும் ஆட்டம். பணம் வந்துவிட்டால் வாய்ச்சொல் போதாது என்பது கோமகன்களுக்கும் தெரியும். எனவே ஒப்பந்தம் எழுதினார்கள். அணிக்குப் பன்னிரண்டு பேர், விக்கெட்டுகளுக்கு நடுவே 23 கெஜம் என்று ஒழுங்காகத்தான் போகிறது. பிறகு ஒரு ஷரத்து: ஆட்டக்காரன் எவனாவது ஆட்டத்தைப் பற்றி வாய் திறந்து அபிப்பிராயம் சொன்னால் அவனை வெளியே அனுப்பிவிட வேண்டும். அதன் வால்: இது ரிச்மண்ட் கோமகனுக்கும் திருவாளர் பிராட்ரிக்குக்கும் பொருந்தாது.

கிரிக்கெட்டுக்கு எழுதிவைத்த விதிகளில் இதைவிடப் பழையது கிடைக்கவில்லை. அந்த முதல் காகிதத்திலேயே, எழுதியவர்களுக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. ஒரு விதத்தில் நேர்மையான ஆவணம். பின்னால் வந்தவர்களும் தங்களுக்கு விதிவிலக்கு வைத்துக்கொண்டார்கள். இப்படி வெளிப்படையாக எழுதிவைக்கத்தான் தைரியம் வரவில்லை.

1744இல் லண்டன் கனவான்கள் கூடி முழுச் சட்டத் தொகுப்பு ஒன்றை எழுதினார்கள். பந்து ஐந்து அவுன்ஸுக்கு மேல், ஆறு அவுன்ஸுக்குள். ஸ்டம்ப் 22 அங்குல உயரம். பெயில் ஆறு அங்குலம். இவ்வளவு அளந்தவர்கள் மட்டையின் அகலத்தை அளக்கவில்லை. மட்டை என்றால் மட்டை, அதில் அளக்க என்ன இருக்கிறது என்று நினைத்திருப்பார்கள். கனவான்கள் எழுதும் சட்டத்தில் எப்போதும் இந்த இடைவெளி இருக்கும். எதையெல்லாம் ஒரு கனவான் செய்யமாட்டான் என்று அவர்கள் நம்புகிறார்களோ, அதையெல்லாம் எழுதாமல் விட்டுவிடுவார்கள். அந்த இடைவெளிக்குள் நுழைய வெளியே ஒருவன் காத்திருப்பான்.

முதலில் நுழைந்தவர் தாமஸ் வைட். 1771 செப்டம்பர் 23, செர்ட்சிக்குப் பக்கத்தில் லேல்ஹாம் பர்வே மைதானம். எதிரணி, அந்தக் காலத்தின் பெரிய அணியான ஹாம்பிள்டன். செர்ட்சிக்காகக் களமிறங்கிய வைட்டின் கையில் இருந்த மட்டை ஏறக்குறைய விக்கெட்டின் அகலத்துக்கு இருந்தது. இந்த ஆள் ஆடவே வேண்டாம், மட்டையை ஊன்றிவிட்டு நின்றால் போதும். ஹாம்பிள்டன்காரர்கள் கொதித்தார்கள். சட்டத்தைப் பார்த்தார்கள். பந்தின் எடை இருந்தது, ஸ்டம்பின் உயரம் இருந்தது, வைட்டைத் தடுக்க ஒரு வரி இல்லை.

இத்தனைக்கும் ஹாம்பிள்டன் ஒரு ரன் வித்தியாசத்தில் ஜெயித்துவிட்டது. ஜெயித்தும் வயிற்றெரிச்சல் தணியவில்லை. இரண்டே நாளில் ஒரு தீர்மானம் எழுதினார்கள். வைட் என்பவர் செய்த காரியத்தை முன்னிட்டு, இனி மட்டையின் அகலம் நாலேகால் அங்குலம். குற்றவாளியின் பெயரைச் சொல்லியே சட்டம்! கையெழுத்துப் போட்டவர்களைக் கவனியுங்கள். ஒருவர் தாமஸ் பிரெட், ஹாம்பிள்டனின் வேகப்பந்து வீச்சாளர். மட்டையின் அகலத்தைப் பந்துவீச்சாளர் நிர்ணயிப்பதில் உள்ள அழகை விளக்க வேண்டியதில்லை. இன்னொருவர் ஜான் ஸ்மால். பெரிய ஆட்டக்காரர், அதோடு மட்டை செய்து விற்பவரும்கூட. இனி எல்லாரும் புது அளவில் மட்டை வாங்கியாக வேண்டுமே என்ற எண்ணம் அவர் மனதில் எழுந்திருக்காது என்று நம்புவோம். இரும்பில் ஒரு சட்டம் அடித்து வைத்துக்கொண்டார்கள். அதற்குள் நுழைகிற மட்டை செல்லும், நுழையாதது செல்லாது.

அன்று ஒரு மனிதர் செய்த குறும்புக்காக இன்றும் உலகம் முழுக்க நாலேகால் அங்குலம்தான்.

அகலத்தை எழுதிவிட்டார்கள், சரி. எதனால் செய்ய வேண்டும் என்று? அதை ஞாபகப்படுத்த 208 வருஷம் கழித்து டென்னிஸ் லில்லி வர வேண்டியிருந்தது. 1979 டிசம்பர், பெர்த், இங்கிலாந்துக்கு எதிரான டெஸ்ட். லில்லி அலுமினிய மட்டையோடு வந்தார். அதை விற்கும் வியாபாரத்தில் அவருக்கும் பங்கு இருந்தது. சட்டத்தில் மரம் என்ற வார்த்தையே இல்லை. பந்து கெட்டுப்போகிறது என்று இங்கிலாந்து கேப்டன் மைக் பிரியர்லி முறையிட்டார். கடைசியில் லில்லியின் சொந்தக் கேப்டன் கிரெக் சாப்பலே மர மட்டையைக் கொடுத்தனுப்ப, லில்லி அலுமினியத்தைத் தூக்கி எறிந்தார். உலகத்தின் முன்னால் நடந்த இலவச விளம்பரம். அடுத்த வருஷம் வந்த புதுச் சட்டத்தில் மட்டை மரத்தால் ஆனதாக இருக்க வேண்டும் என்று ஒரு வரி ஏறியது.

மட்டையையாவது அளக்கலாம். மனசை எப்படி அளப்பது? 1774இல் எல்.பி.டபிள்யூ. விதியை முதன்முதலாக எழுதியபோது, பந்தைத் தடுக்கும் நோக்கத்தோடு காலை விக்கெட்டுக்கு முன் வைத்தால் அவுட் என்று எழுதினார்கள். நடுவருக்கு இருபது கெஜம் தள்ளி நிற்பவனின் நோக்கம் தெரிய வேண்டும். இது நடுவர் வேலையா, ஜோசியர் வேலையா? காலப்போக்கில் நோக்கத்தைக் கழற்றிவிட்டு, பந்து எங்கே விழுந்தது, காலில் எங்கே பட்டது என்று வடிவியலுக்கு மாறினார்கள். இப்போது எல்லாம் சுத்தம் என்று நினைத்திருப்பார்கள்.

வடிவியலிலும் ஓட்டை உண்டு என்று 1957இல் பர்மிங்ஹாமில் தெரிந்தது. முதல் இன்னிங்ஸில் டிரினிடாடின் சன்னி ராமதின் 49 ரன்னுக்கு 7 விக்கெட் எடுத்து இங்கிலாந்தைக் கதறவைத்தார். இரண்டாவது இன்னிங்ஸில் பீட்டர் மேயும் காலின் கவுட்ரியும் சட்டத்தைப் படித்துவிட்டு வந்தவர்கள் மாதிரி ஆடினார்கள். ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே காலில் பட்டால் அவுட் இல்லை என்பது விதி. ஆகவே காலை முன்னால் நீட்டி, ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே, பந்து வந்த பக்கமெல்லாம் திணித்தார்கள். மட்டை பல நேரம் காலுக்குப் பின்னால் ஓய்வெடுத்தது. 411 ரன் கூட்டணி. ராமதின் அந்த ஒரே இன்னிங்ஸில் 98 ஓவர் வீசினார். அவர் எத்தனை முறை அப்பீல் செய்தாரோ, தொண்டைக்குத்தான் தெரியும். 1970களில் விதியைத் திருத்தினார்கள். பந்தை ஆடும் உண்மையான முயற்சி இல்லாமல் காலை நீட்டினால், ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே பட்டாலும் அவுட். அதாவது, இருநூறு வருஷம் சுற்றிவிட்டு நடுவர் மறுபடியும் ஜோசியர் ஆனார்.

ஆனால் எழுதாமல் விட்டதன் பலனை முழுசாக அனுபவிக்க வேண்டுமென்றால் பந்துவீச்சுக்குத்தான் வர வேண்டும்.

ஆதியில் எல்லாரும் கையைக் கீழே வைத்துத்தான் பந்தை உருட்டினார்கள் அல்லது தூக்கிப்போட்டார்கள். சிலர் கையை மெல்ல உயர்த்தப் பார்த்ததும், 1816இல் கை முழங்கைக்குக் கீழே இருக்க வேண்டும் என்று எழுதினார்கள். 1822இல் கென்ட்டின் ஜான் வில்ஸ், லார்ட்ஸில், சட்டத்தின் சொந்த வீட்டில், சட்டத்தை எழுதும் எம்.சி.சி. கழகத்துக்கு எதிராகவே கையை உயர்த்தி வீசினார். நோ-பால். வில்ஸ் பந்தைக் கீழே போட்டார், குதிரையில் ஏறினார், போயே போய்விட்டார். பெரிய கிரிக்கெட்டில் அவர் அத்தியாயம் அத்தோடு முடிந்தது. நோ-பால் கொடுத்த நடுவரிடம் இவ்வளவு முழுமையாகக் கோபித்துக்கொண்டவர் வேறு யாருமில்லை.

குதிரை போனாலும் கை இறங்கவில்லை. வில்லியம் லில்லிவைட் போன்றவர்கள் விடாப்பிடியாகத் தூக்கினார்கள். 1828இல் முழங்கை உயரம் வரை சரி என்றார்கள். 1835இல் தோள் வரை சரி. சட்டம் ஆட்டக்காரனின் கையைப் பார்த்துப் பார்த்து மூச்சிரைக்க ஏறிக்கொண்டிருந்தது. 1862இல் ஓவல் மைதானத்தில் எட்கர் வில்ஷர் தோளுக்கு மேல் தூக்கிவிட்டார் என்று வரிசையாக ஆறு முறை நோ-பால் கொடுத்தார் நடுவர் ஜான் லில்லிவைட். கையைத் தூக்கியே பெயர் வாங்கிய அதே வில்லியம் லில்லிவைட்டின் மகன்! அப்பா உடைத்த வேலிக்கு மகன் காவல். வில்ஷர் வெளியேற, கூட இருந்த தொழில்முறை ஆட்டக்காரர்களும் வெளியேறினார்கள். மறுநாள் ஆட்டம் தொடர்ந்தது, வில்ஷரும் வீசினார். மாறியிருந்தது நடுவர்தான். இரண்டு வருஷம் கழித்து, 1864இல், கையை எவ்வளவு உயரம் வேண்டுமானாலும் தூக்கலாம் என்று சட்டம் கைதூக்கிவிட்டது.

தூக்கலாம் என்றுதான் எழுதினார்கள். தூக்கித்தான் ஆக வேண்டும் என்று எழுதவில்லை. யார் இனிமேல் போய் உருட்டப்போகிறார்கள்?

117 வருஷம் கழித்து டிரெவர் சாப்பல் உருட்டினார். 1981 பிப்ரவரி 1, மெல்பர்ன். ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் ஆடிய ஒருநாள் இறுதித் தொடரில் மூன்றாவது ஆட்டம். கடைசிப் பந்தில் நியூசிலாந்துக்கு டை ஆகவே ஆறு ரன் வேண்டும். களத்தில் பிரையன் மெக்கெக்னி, பத்தாவது ஆள். அதுவரை ஒரு பந்துகூட ஆடாதவர். அவர் அந்தப் பெரிய மைதானத்தில் சிக்ஸர் அடிக்க எவ்வளவு வாய்ப்பு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். கேப்டன் கிரெக் சாப்பலுக்கு அந்தச் சொற்ப வாய்ப்பும் பொறுக்கவில்லை. லில்லியிடமிருந்து அலுமினியத்தைப் பிடுங்கி ஆட்டத்தின் மானத்தைக் காப்பாற்றிய அதே கிரெக். பந்து தம்பி டிரெவர் கையில். உருட்டு என்றார். நடுவரிடம் முறைப்படி அறிவித்தும்விட்டார். சட்டப்படி நடக்கும் மனிதர்!

பந்து தரையோடு தரையாக உருண்டு வந்தது. மெக்கெக்னி அதைக் கவனமாகத் தடுத்தார், பிறகு மட்டையை வீசியெறிந்தார். இங்கிலாந்தின் ஒருநாள் ஆட்டங்களில் அதற்கு முன்பே இப்படி வீசுவதற்குத் தடை இருந்தது. ஆஸ்திரேலியப் போட்டியின் விதிகளில் அந்த வரியைச் சேர்க்க யாருக்கும் தோன்றவில்லை. நியூசிலாந்துப் பிரதமர் ராபர்ட் மல்டூன் கோழைத்தனம் என்று சாடி, ஆஸ்திரேலியர்கள் மஞ்சள் உடை போட்டிருந்தது பொருத்தம்தான் என்று குத்தினார். ஆஸ்திரேலியப் பிரதமரே கண்டித்தார். இரண்டு பிரதமர்கள் பேசிய பிறகு ஒருநாள் விதியில் ஒரு வாக்கியம் கூடியது.

நியூசிலாந்துக்காரர்களின் ஜாதகத்தில் ஏதோ கோளாறு. 2019 ஜூலை 14, லார்ட்ஸில் உலகக் கோப்பை இறுதி. கடைசி ஓவர். மார்ட்டின் கப்டில் எறிந்த பந்து, இரண்டாவது ரன்னுக்காகப் பாய்ந்த இங்கிலாந்தின் பென் ஸ்டோக்ஸின் மட்டையில் பட்டு எல்லைக்கோட்டைத் தாண்டியது. ஆறு ரன் கொடுத்தார்கள். சட்டமோ, பந்தை எறிந்த நொடியில், அல்லது அந்தச் செயல் நடந்த நொடியில், ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் கடந்திருந்தால்தான் அந்த ரன்னும் சேரும் என்கிறது. கப்டில் எறிந்தபோது அவர்கள் கடக்கவில்லை. அப்படியானால் ஐந்துதான். ஆனால் ‘செயல்’ என்பது யாருடைய செயல்? கப்டிலுடையதா, ஸ்டோக்ஸின் மட்டை தெரியாமல் செய்ததா? முன்னாள் நடுவர் சைமன் டாஃபல் ஐந்துதான் என்றார். அதற்குள் கோப்பை லண்டனிலேயே தங்கிவிட்டது. ஆட்டம் டை, சூப்பர் ஓவரும் டை, கடைசியில் பவுண்டரிகளை எண்ணி 26க்கு 17 என்று முடிவு. சில மாதங்களில் பவுண்டரி எண்ணும் விதியைத் தூக்கிவிட்டார்கள். கோப்பையைத் திருப்பிக் கேட்கும் விதி எதுவும் இல்லை.

சரி, எனக்கு மிகவும் பிடித்த ஆளுக்கு வருகிறேன். சாமர்செட் கேப்டன் பிரையன் ரோஸ். 1979 மே 24, வூஸ்டர், பென்சன் அண்ட் ஹெட்ஜஸ் கோப்பை. அவர் அணியில் விவியன் ரிச்சர்ட்ஸ், இயான் போத்தம், ஜோயல் கார்னர். இப்படிப்பட்ட படையை வைத்துக்கொண்டு மற்றவர்கள் எப்படி ஜெயிக்கலாம் என்று யோசிப்பார்கள். ரோஸ் எப்படி நஷ்டமில்லாமல் தோற்கலாம் என்று யோசித்தார். பிரிவில் புள்ளிகள் சமமானால், விக்கெட் எடுக்க எத்தனை பந்து ஆகிறது என்ற கணக்கை வைத்து முடிவு செய்வார்கள். அந்தக் கணக்கில் சாமர்செட் முன்னால் இருந்தது. அன்றைக்கு நன்றாக ஆடித் தோற்றால் கணக்கு கெடலாம். ஆடாமலே தோற்றால்?

சாமர்செட் ஒரு ஓவர் ஆடியது. நோ-பாலில் ஒரு ரன் வந்தது. ரோஸ் டிக்ளேர் செய்தார். ஐம்பத்தைந்து ஓவர் ஆட்டத்தில், விக்கெட் இழப்பின்றி 1 ரன்னுக்கு! வூஸ்டர்ஷயர் பத்துப் பந்தில் இரண்டு ரன் எடுத்து ஜெயித்தது. சாப்பாட்டுக் கூடையோடு வந்திருந்தவர்கள் கூடையைத் திறப்பதற்குள் ஆட்டம் முடிந்துவிட்டது.

ஊரே ரோஸைத் திட்டியது. அவர் விதியை மீறவில்லை. எல்லா விதிகளையும் ஒன்றாக வைத்துப் படித்த ஒரே ஆள் அவர்தான். டிக்ளேர் செய்யக்கூடாது என்று ஒரு வரி இல்லை. தோற்பவனுக்கு லாபம் தரும் கணக்கை எழுதிவைத்தவர்கள் வேறு யாரோ. வாரியம் கூடி, 17க்கு 1 என்று வாக்களித்து சாமர்செட்டைப் போட்டியிலிருந்து நீக்கியது. எந்த விதியின் கீழ் நீக்கினார்கள் என்று கேட்டால், ஆட்டத்தின் மாண்பு என்றார்கள். அதை ஷரத்தாக எவரும் எழுதிவைக்கவில்லை என்பதே அவர்களுக்கு வசதி. ஓவர் கட்டுப்பாடுள்ள ஆட்டங்களில் டிக்ளேர் செய்வது அதன் பிறகு தடைசெய்யப்பட்டது. சாமர்செட் அதே வருஷம் வேறு இரண்டு கோப்பைகளை ஆடியே ஜெயித்தது.

இந்த மாண்பு ஒரு விசித்திரமான சங்கதி. 2000ஆம் வருஷத் தொகுப்பில் அதற்கென்றே ஒரு முகவுரை சேர்த்தார்கள். ஷரத்து எழுதி அடைக்க முடியாததை முகவுரையால் அடைக்கும் முயற்சி. இங்கிலாந்துக்காரர் செய்தால் சாமர்த்தியம், மற்றவர் செய்தால் மாண்புக் குறைவு என்று முகவுரையில் எழுதவில்லை. ஆனால் அப்படிப் படிக்கப் பலருக்குப் பழகியிருந்தது. 1947 டிசம்பரில் சிட்னியில் வினு மன்கட், பந்து வீசும் முன்பே கிரீஸை விட்டு ஓடிய பில் பிரவுனை ரன் அவுட் ஆக்கினார். அதே பயணத்தில் முன்பும் எச்சரித்திருந்தார். ஆஸ்திரேலியக் கேப்டன் பிராட்மன் மன்கட் பக்கம்தான் பேசினார். ஓடியது பிரவுன், பெயர் கெட்டது மன்கடுக்கு.

2019 மார்ச் 25, ஜெய்ப்பூர். சென்னைக்காரரும் பொறியியல் படித்தவருமான அஸ்வின், 69 ரன்னில் இருந்த ஜாஸ் பட்லரை அதே மாதிரி ஆக்கினார். பந்துவீச்சாளர் இயல்பாகப் பந்தை விடுவார் என்று எதிர்பார்க்கப்படும் நொடி வரை ரன் அவுட் செய்யலாம் என்பது அப்போதைய விதி. யார் எதிர்பார்க்க வேண்டும்? எந்த நொடி? டி.வி.யில் அந்தக் காட்சியைச் சட்டகம் சட்டகமாக நிறுத்தி ஊர் முழுக்க எதிர்பார்த்தார்கள். எம்.சி.சி. முதலில் விதிக்கு உட்பட்டது என்றது. மறுநாள் மறுபடி பார்த்துவிட்டு, அஸ்வின் நின்ற நேரம் கொஞ்சம் அதிகம், மாண்புக்குப் பொருந்தாது என்றது. சட்டத்தை எழுதிய வீட்டிலேயே ஒரு நாளில் இரண்டு பொழிப்புரை! 2022இல் இந்த ஷரத்தை ‘நியாயமற்ற ஆட்டம்’ என்ற அத்தியாயத்திலிருந்து எடுத்து ‘ரன் அவுட்’ அத்தியாயத்தில் வைத்தார்கள். இடம் மாறியதில் எழுபத்தைந்து வருஷப் பழி ஒன்று சத்தமில்லாமல் கழிந்தது. இதில் அஸ்வின் கட்சி நான்.

கண்டித் தமிழரான முத்தையா முரளிதரனின் கதையில் ஒரு கூடுதல் ருசி உண்டு. 1995 டிசம்பர் 26, சாப்பல் உருட்டிய அதே மெல்பர்ன் மைதானம். பந்தை எறிகிறார் என்று நடுவர் டேரல் ஹேர் ஏழு முறை நோ-பால் கொடுத்தார். முழங்கை நிமிரக்கூடாது என்கிறது விதி. எவ்வளவு என்று சொல்லவில்லை. பின்னால் அதிவேகக் கேமராக்களை வைத்து அளந்தபோது, சுத்தமான வீச்சுக்குப் பேர்போனவர்கள் உட்பட ஏறக்குறைய எல்லாருடைய கையும் கொஞ்சம் நிமிர்ந்தது. விதியை எழுத்தெழுத்தாகப் படித்தால் கிரிக்கெட்டில் பந்துவீச்சாளர் என்று யாரும் மிஞ்சமாட்டார்கள். 2005இல் எல்லாருக்கும் 15 டிகிரி என்று கோடு போட்டார்கள். முரளிக்காக விதியை வளைத்துவிட்டார்கள் என்று சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்தக் கோடு காப்பாற்றியது மற்றவர்களையும்தான் என்பதை அவர்கள் சொல்வதில்லை. முரளி 800 டெஸ்ட் விக்கெட்டோடு வீட்டுக்குப் போனார்.

கடைசியாக ஒரு நாடா. 2023 நவம்பர் 6, டெல்லி, உலகக் கோப்பையில் இலங்கைக்கும் வங்கதேசத்துக்கும் ஆட்டம். ஏஞ்சலோ மேத்யூஸ் களத்துக்கு வந்தார், ஹெல்மெட் நாடாவை இழுத்தார், அது அறுந்தது. வேறு ஹெல்மெட் கேட்டார். வங்கதேசக் கேப்டன் ஷகிப் அல் ஹசன் அப்பீல் செய்தார். இரண்டு நிமிடத்துக்குள் வந்துவிட்டேனே என்பது மேத்யூஸின் வாதம். விதி வருவதைக் கேட்கவில்லை, இரண்டு நிமிடத்துக்குள் பந்தை எதிர்கொள்ளத் தயாராக இருப்பதைக் கேட்கிறது. நாடா இல்லாத தலை தயார் இல்லை. சர்வதேச ஆட்டத்தில் ‘டைம்டு அவுட்’ ஆன முதல் மனிதர் என்ற பட்டத்தோடு மேத்யூஸ் திரும்பினார்.

பிறகு வங்கதேசம் ஆடியபோது ஷகிப் 82 ரன் எடுத்து, மேத்யூஸ் பந்திலேயே அவுட் ஆனார். அவர் வெளியேறும்போது மேத்யூஸ் தன் மணிக்கட்டைத் தட்டிக் காட்டினார், நேரமாச்சு என்பது போல. அதற்கு இன்னும் ஷரத்து எழுதவில்லை.